யாழ்ப்பாணத்தில் இருந்து சசெக்ஸைப் பார்த்தால்: அபிவிருத்திக் கற்கை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினொரு வருடம் வன்னியிலும் வடமராட்சியிலும் வெளிக்கள உத்தியோகத்தராகத் திரிந்துவிட்டு, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அபிவிருத்திக் கற்கை படிக்கிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பாடத்தின் எந்த மூலையைத் தொட்டாலும் அது இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் போய் முட்டும். புதிதாக வருகிறவர்கள் வருடாவருடம் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தொண்டை கட்டக் கட்டச் சொல்வதைவிட எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. எனக்குப் பிடித்த இடங்களில் கொஞ்சம் கூடுதலாக நின்றிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சசெக்ஸ் எங்கே இருக்கிறது? அதை ஏன் நாங்கள் படிக்க வேண்டும்?

இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் என்றொரு கடற்கரை நகரம். அதன் பக்கத்தில், ஃபால்மர் என்ற இடத்தில் 1961இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜோடு வைத்துப் பார்த்தால் நேற்றுப் பிறந்த பிள்ளை. எங்கள் யாழ்ப்பாணக் கம்பஸ் இங்கே திருநெல்வேலியில் தொடங்கியது 1974இல். இரண்டுக்கும் பதின்மூன்று வருட வித்தியாசம்தான்.

'பங்கேற்பு', 'முறைசாராத் துறை', 'வறியவரை முன்னிறுத்தல்' என்று எங்கள் புரபோசல்களில் நிரம்பி வழிகிற சொற்களில் பல அங்கே பிறந்தவை, அல்லது அங்கே வளர்ந்து உலகம் சுற்றியவை. படிப்பதற்கு அதுவே போதும். ஆனால் நான் பெரிதாக நினைக்கிற காரணம் வேறு. அந்தப் பாடங்களில் சிலவற்றை அவர்கள் கற்றுக்கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. எங்களைப் பார்த்து எழுதியதை நாங்களே வாசிக்காமல் விட்டால் எப்படி?

ஐ.டி.எஸ். என்கிறார்களே, அது சசெக்ஸின் ஒரு துறையா?

துறை இல்லை. அபிவிருத்திக் கற்கைகளுக்கான நிறுவனம் என்பதன் சுருக்கம்தான் ஐ.டி.எஸ். சசெக்ஸ் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, பட்டத்தையும் சசெக்ஸ்தான் கொடுக்கிறது. ஆனால் சட்டப்படி அது தனி நிறுவனம்.

1964இல் பிரிட்டனில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது வெளிநாட்டு அபிவிருத்திக்கென்று தனி அமைச்சு ஒன்றை உருவாக்கினார்கள். அதன் முதல் அமைச்சர் பார்பரா காசில். அந்த அமைச்சின் ஆதரவோடு 1966இல் ஐ.டி.எஸ். உருவானது. காலனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஆண்டவர்கள் இனி ஆலோசகர்களாக வர வேண்டியிருந்தது. அங்கே ஆரம்பத்தில் சேர்ந்தவர்களில் காலனி நிருவாகத்தில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். பின்னால் வரப்போகிற றொபேட் சேம்பர்ஸ்கூட கென்யாவில் மாவட்ட அதிகாரியாக இருந்தவர்தான். இதை மறைக்கவும் வேண்டாம், இதை வைத்தே எல்லாவற்றையும் தள்ளிவிடவும் வேண்டாம்.

அபிவிருத்தி என்றால் நாட்டின் வருமானம் கூடுவதுதானே? இவர்கள் புதிதாக என்ன சொன்னார்கள்?

எங்கள் ஊரில் 'அபிவிருத்தி' என்றால் மதகு கட்டுவதும் ஒழுங்கைக்குத் தார் போடுவதும். பொருளியல்காரருக்கு அது தலைக்குரிய வருமானம். இரண்டுமே கண்ணுக்குத் தெரிகிற, எண்ணிக் காட்டக்கூடிய விடயங்கள்.

ஐ.டி.எஸ்.இன் முதல் பணிப்பாளர் டட்லி சியர்ஸ். 1969இல் புதுடில்லியில் நடந்த ஒரு மாநாட்டில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். ஒரு நாடு அபிவிருத்தி அடைகிறதா என்று அறிய வேண்டுமானால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்றார். வறுமைக்கு என்ன நடக்கிறது? வேலையின்மைக்கு என்ன நடக்கிறது? ஏற்றத்தாழ்வுக்கு என்ன நடக்கிறது? மூன்றும் மோசமாகிக்கொண்டு போனால், தலைக்குரிய வருமானம் இரண்டு மடங்கானாலும் அதை அபிவிருத்தி என்று அழைப்பது விசித்திரம் என்பது அவருடைய வாதம்.

இன்று இதைக் கேட்டால் 'இதில் என்ன பெரிய விசயம்' என்று தோன்றும். ஐந்தாண்டுத் திட்டமும் வளர்ச்சி வீதமும் வேதவாக்காக இருந்த காலத்தில், அதுவும் பிரிட்டிஷ் அமைச்சில் திட்டமிடல் பிரிவுக்குத் தலைமை தாங்கிவிட்டு வந்த ஒருவர் இப்படிப் பேசியது சின்ன விசயம் இல்லை. அதற்கு முன்பே, 1963இல், அவர் இன்னொரு குண்டையும் போட்டிருந்தார். பாடப்புத்தகப் பொருளியல் கைத்தொழில் நாடுகளைப் பார்த்து எழுதப்பட்டது, அந்த நாடுகள்தான் விதிவிலக்கு, உலகத்தின் பெரும்பகுதி அப்படி இல்லை என்று. எனக்கு அந்த 1963 கட்டுரைதான் கூடப் பிடிக்கும்.

இலங்கைக்கும் சசெக்ஸுக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐ.எல்.ஓ. என்ற சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1969 அளவில் உலக வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒவ்வொரு நாடாகப் போய், ஏன் வேலை இல்லை, என்ன செய்யலாம் என்று பார்க்கும் குழுக்கள். 1970இல் முதல் குழு கொலம்பியாவுக்குப் போனது. 1971இல் இலங்கைக்கு வந்தது. இரண்டுக்கும் தலைவர் சியர்ஸ். அடுத்தது 1972இல் கென்யா, அதற்கு ஹான்ஸ் சிங்கரும் றிச்சர்ட் ஜொலியும் தலைமை தாங்கினார்கள். மூவருமே ஐ.டி.எஸ். ஆட்கள்.

1971இல் இலங்கை எப்படி இருந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். ஏப்ரல் 5ஆம் திகதி ஜே.வி.பி. என்ற மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலானோர் படித்த, வேலை கிடைக்காத சிங்களக் கிராமத்து இளைஞர்கள். நாட்டில் அப்போது அரை மில்லியனுக்கும் மேற்பட்டோர் வேலையில்லாமல் இருந்தார்கள், அவர்களில் இளைஞர்களே அதிகம். இலவசக் கல்வி, நல்ல சுகாதாரம், அரிசி மானியம் எல்லாம் இருந்த ஒரு நாட்டில் இப்படி ஏன் என்பதுதான் வந்தவர்களின் குழப்பம்.

அதே வருடம் வெளியான அவர்களுடைய அறிக்கை, எத்தனை வேலை இருக்கிறது என்பதோடு நிற்கவில்லை. படித்த பிள்ளை எந்த வேலையை எதிர்பார்க்கிறது, நாட்டில் உண்மையில் எந்த வேலை இருக்கிறது, இவை இரண்டும் எவ்வளவு தூரம் பிரிந்து கிடக்கின்றன என்று பார்த்தது. அறிக்கையின் தலைப்பிலேயே 'எதிர்பார்ப்பு' என்ற சொல் இருக்கிறது. வேலையின்மையை எண்ணிக்கைப் பிரச்சினையாக மட்டும் பார்த்த காலத்தில் அது பெரிய திருப்பம்.

'டிப்ளோமா டிசீஸ்' என்றால் என்ன? அது எங்களைப் பற்றியதா?

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும்' என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், கோறணமேந்து என்றால் அரசாங்கம். அதற்கு ஒருவர் விளக்கவுரை எழுதினால் எப்படி இருக்குமோ, அதுதான் 'டிப்ளோமா டிசீஸ்', அதாவது சான்றிதழ் நோய், என்ற புத்தகம்.

எழுதியவர் றொனால்ட் டோர். அடிப்படையில் ஜப்பானை ஆராய்ந்த சமூகவியலாளர், ஐ.டி.எஸ்.இல் இருந்தவர், 1971 இலங்கைக் குழுவிலும் வந்தவர். 1976இல் வெளியான 'தி டிப்ளோமா டிசீஸ்' நூலில் அவர் நான்கு நாடுகளை எடுத்துக்கொள்கிறார்: இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா. வரிசையைக் கவனியுங்கள், கைத்தொழில் மயமாகத் தொடங்கிய காலப்படி அடுக்கியிருக்கிறார்.

பிந்தித் தொடங்குகிற நாட்டில் சான்றிதழின் பிடி இறுக்கமாக இருக்கும் என்பது அவருடைய வாதம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பொறியியலாளர் பட்டறையில் வேலை பழகித்தான் உருவானார். பிந்தி வந்த நாடுகளோ நவீன உத்தியோகங்களை ஆயத்தமாக இறக்குமதி செய்தன, 'இன்ன வேலைக்கு இன்ன சான்றிதழ்' என்ற விதியும் கூடவே வந்தது. ஒரு பக்கம் விரல் விட்டு எண்ணக்கூடிய நல்ல உத்தியோகங்கள், மறுபக்கம் வயலும் கடலும். இரண்டுக்கும் நடுவே ஒரு மதில், அதில் ஒரேயொரு வாசல், அந்த வாசலின் பெயர் சோதனை. பிறகென்ன, எல்லோரும் அதே வாசலுக்கு ஓடுவார்கள். ஆட்கள் கூடக்கூட வேலை கொடுப்பவர் தகுதியை ஒரு படி உயர்த்துவார். வேலை அதேதான், கேட்கிற சான்றிதழ் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

எங்கள் வீட்டில் இதற்கு உதாரணம் உண்டு. அப்பப்பா 'சீனியர்' சோதனை சித்தியெய்திக் கொழும்பில் லிகிதர் ஆனவர். அப்பாவுக்கு அதே கதிரையில் இருக்க ஏ.எல். என்ற உயர்தரம் தேவைப்பட்டது. என் தம்பி பட்டம் எடுத்துவிட்டு மூன்று வருடம் காத்திருந்துதான் அதே மாதிரி ஒரு மேசைக்குப் போனான். மூன்று பேரும் செய்த வேலை கோப்பைத் திறப்பதும் மூடுவதும்தான். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் மாதக்கணக்கில் குந்தியிருந்தபோது எனக்கு டோரின் ஞாபகம்தான் வந்தது.

நோயைக் கண்டுபிடித்த அளவுக்கு மருந்து சரியாக வரவில்லை என்பது என் எண்ணம். பாடத்தை மனப்பாடம் செய்து எழுதும் சோதனைக்குப் பதிலாக, இயல்பான திறனை அளக்கும் சோதனையை வைத்து இளவயதிலேயே ஆட்களை எடுங்கள் என்று டோர் சொன்னார். பாவம், அவர் எங்கள் ரியூட்டரிகளை குறைத்து மதிப்பிட்டுவிட்டார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையின் முதலாவது வினாத்தாள் அப்படித் திறனைப் பார்க்கத்தானே வந்தது? அதற்கும் 'ஐ.கியூ. வகுப்பு' என்று பலகை தொங்குகிறது. பத்து வயதுப் பிள்ளை விடிய ஐந்தரைக்குப் புத்தகப்பையோடு அங்கே போகிறது.

அந்த 1971 ஐ.எல்.ஓ. அறிக்கையால் இலங்கையில் ஏதாவது மாறியதா?

மாறியது, பிறகு திரும்பியும் வந்தது. 1972இல் பெரிய கல்விச் சீர்திருத்தம் ஒன்று வந்தது. ஓ.எல். என்ற சாதாரண தரத்துக்கும் ஏ.எல்.லுக்கும் பதிலாகப் புதிய சான்றிதழ்கள், பள்ளிக்கூடத்தில் தொழில்முன்னிலைப் பாடங்கள். விவசாயம், மரவேலை, மீன்பிடி என்று அந்தந்த ஊருக்கேற்ற தொழில்களைப் பாடமாக்கப் பார்த்தார்கள். சீர்திருத்தத்தை வகுத்தவர்கள் உள்நாட்டுக் கல்வியாளர்கள்தான். ஐ.எல்.ஓ. குழுவின் சிந்தனையும் அதுவும் ஒரே திசையில் போயின என்று சொன்னால் சரியாக இருக்கும். 1977இல் ஆட்சி மாறியதும் பழைய சோதனைகள் திரும்பின.

யாழ்ப்பாணத்தில் இதை யாரும் விரும்பவில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'தச்சு வேலை பழகவோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறது?' என்ற பேச்சு. அதில் சாதித் திமிரும் கலந்திருந்தது, மறுக்க முடியாது. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1971இல் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளி வேண்டும், சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதும் என்றானது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. இருந்த ஒரே வாசலையும் ஒடுக்கிக்கொண்டு, 'வாசலைப் பற்றி அதிகம் நினையாதே, மரவேலை பழகு' என்றால் யார் கேட்பார்கள்? சோதனை மோகம் வெறும் நோயாக இருக்கவில்லை. வெளியேற வேறு வழி தெரியாத ஒரு சமூகத்தின் கணக்கும் அதில் இருந்தது. டோரை வாசிக்கும் யாழ்ப்பாணப் பிள்ளை இதையும் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

ஹான்ஸ் சிங்கர் யார்?

1910இல் ஜேர்மனியில் பிறந்த யூதர், ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்து வந்து கேம்பிரிட்ஜில் பொருளியலாளர் கெய்ன்ஸிடம் படித்தவர். 1947இல் ஐ.நா.வில் சேர்ந்து, 1969இல் ஐ.டி.எஸ்.ஸுக்கு வந்து, 2006இல் பிரைட்டனில் இறக்கும்வரை அந்தப் பக்கத்தை விட்டு அசையவில்லை.

அவருடைய பெயர் இரண்டு விடயங்களில் நிற்கிறது. ஒன்று, 1950இல் அவரும் ஆர்ஜென்டீனாவின் பொருளியலாளர் றவுல் பிரெபிஷும் தனித்தனியாகக் கண்டது: தேயிலை, இறப்பர் மாதிரி மூலப்பொருளை விற்று இயந்திரம் வாங்கும் நாடு, காலப்போக்கில் அதே இயந்திரத்துக்குக் கூடுதல் தேயிலை கொடுக்க வேண்டிவரும். மலையகத் தோட்டங்களை நம்பியிருந்த இலங்கைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மற்றது உலக உணவுத் திட்டம். அது 1960களின் தொடக்கத்தில் உருவானபோது அதற்கான நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சிங்கர். போர்க்காலத்திலும் மீள்குடியேற்றத்திலும் உலர் உணவு வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். மா மூடையில் நீல எழுத்தில் இருக்கும். மா முடிந்தபிறகு அந்த உரப்பை சும்மா போகாது. வெட்டித் தைத்து விறகுக்கொட்டிலுக்கு மறைப்பாகும், நெல் காயப்போடும் படங்காகும். வகுப்பில் சிங்கரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பிள்ளை, 'அப்ப எங்கட வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேல கிடக்கிறது அவற்ற பேரா, சேர்?' என்று கேட்டது. ஒரு வகையில் ஆம்.

முறைசாராத் துறை என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர் கானாவின் தலைநகர் அக்ராவில் பார்த்ததை 1971இல் ஐ.டி.எஸ். நடத்திய ஒரு மாநாட்டில் சொன்னார். வேலையில்லாதவர் என்று கணக்கில் எழுதப்பட்டவர்கள் உண்மையில் சும்மா இருக்கவில்லை, பதிவில் ஏறாத நூறு தொழில் செய்து பிழைக்கிறார்கள் என்று. அடுத்த வருடம் கென்யா அறிக்கை அதை எடுத்து உலகம் முழுக்கப் பரப்பியது.

ஒடியல் காயவைத்து விற்கிற அம்மா, சந்தியில் சைக்கிளுக்கு ஒட்டுப்போடுகிறவர், பின்னேரம் கச்சான் வறுக்கிற ஐயா. எந்தக் கணக்கில் இவர்கள் வருகிறார்கள்? இந்தத் துறைக்கு அதிகம் விளக்கம் தேவையில்லை, பெரிய கடை வீதியில் ஒருதரம் நடந்தால் போதும்.

பி.ஆர்.ஏ. பயிற்சி எடுத்திருக்கிறோம். அதற்கும் சசெக்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

பங்கேற்பு முறைக் கிராமிய மதிப்பீடு என்று பலகையில் எழுதுவோம், வாயில் பி.ஆர்.ஏ.தான் வரும். அதை ஒருவர் கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. 1970களின் இறுதியில் ஐ.டி.எஸ்.இல் நடந்த பட்டறைகளில் 'விரைவுக் கிராமிய மதிப்பீடு' என்று ஒன்று உருவானது. மாதக்கணக்கில் நூறு பக்க வினாக்கொத்து நிரப்பி, கணக்குப் போட்டு முடிவதற்குள் திட்டமே முடிந்துவிடும் நிலைக்கு அது மாற்று. பிறகு 1990 அளவில், குறிப்பாக இந்தியத் தொண்டு நிறுவனங்களின் கையில், அது தலைகீழானது. தகவலை எடுத்துக்கொண்டு போவதற்குப் பதிலாக, ஊரவர்களே வரைந்து, எண்ணி, வரிசைப்படுத்தி, முடிவெடுக்கும் முறையாக மாறியது. இந்த முழுப் பயணத்திலும் கூடவே போய், எழுதி, பரப்பியவர் றொபேட் சேம்பர்ஸ். 1970களில் அவர் பசுமைப் புரட்சி பற்றிய ஆய்வுக்காக தமிழ்நாட்டு வட ஆற்காட்டுக் கிராமங்களிலும் வேலை செய்திருக்கிறார்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மீள்குடியேற்றக் காலம், வடமராட்சி கிழக்கில் ஒரு கரையோரக் கிராமம். குடிதண்ணீர்த் தாங்கி எங்கே வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். எங்கள் கோப்பில் ஏற்கெனவே இடம் குறித்தாயிற்று: பிரதான வீதி ஓரம், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வந்து நிற்க வசதி. இருந்தாலும் முறைக்காக ஒரு வரைபடம் போடுவோம் என்று வாசிகசாலை முற்றத்தில் கூடினோம். கோலமாவால் வீதி, சிப்பியால் வீடுகள், பனங்கொட்டையால் கிணறுகள். இளம்பிள்ளைகள் உற்சாகமாக ஐந்து பனங்கொட்டை வைத்தார்கள். அப்போது பின்னால் நின்ற ஆச்சி ஒருவர் முன்னுக்கு வந்தார். குனியவில்லை, பொல்லு நுனியால் மூன்று பனங்கொட்டையை ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளினார்.

"உது மூண்டும் பங்குனி பிறந்தா உவர், தம்பி. மாடும் குடியாது. நீங்கள் மார்கழியில வந்து பாத்தா எல்லாக் கிணறும் நல்ல தண்ணிதான்."

நாங்கள் தண்ணீரைச் சோதித்தது மார்கழியில்தான். மிஞ்சிய இரண்டு கிணறும் மேற்கு மூலையில் இருந்தன, கிழக்குப் பக்க வீடுகளுக்கு அது முக்கால் மைல். தாங்கி வீதியோரத்தில் இருந்து கிழக்குப் பக்கத்துக்குப் போனது. பவுசர் மணலில் புதைந்தால் என்ன செய்வது என்று சாரதி சத்தம் போட்டார், அது வேறு கதை.

சேம்பர்ஸின் புத்தகங்களில் வெளிக்களத்துக்கு உடனே உதவுவது எது?

1983இல் வந்த கிராமிய அபிவிருத்தி பற்றிய நூல். 'கடைசியில் இருப்பவரை முதலில் வை' என்பது அதன் சாரம். அதில் 'கிராமிய அபிவிருத்திச் சுற்றுலா' என்று ஒரு பகுதி. நகரத்தில் இருந்து கிராமம் பார்க்க வருகிறவர் வறுமையை எப்படித் தவறவிடுகிறார் என்று ஆறு சாய்வுகளைப் பிரித்துக் காட்டுகிறார். எங்கள் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள்.

தார் வீதியைத் தாண்டிப் போகாத சாய்வு. போர் முடிந்த பிறகு ஏ-9 வீதியின் இரு பக்கமும் எத்தனை திட்டப் பலகைகள், உள்ளே நாலு கட்டை போனால் எத்தனை? ஏற்கெனவே திட்டம் நடக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும் சாய்வு. விதானையார், சங்கத் தலைவர், ஆங்கிலம் தெரிந்த ரீச்சர் என்று மேலே இருப்பவர்களையே சந்திக்கும் சாய்வு. மழை இல்லாத காலத்தில் மட்டும் போகும் சாய்வு. காலபோக நெல் அறுவடை தை, மாசியில்தான் வரும். அதற்கு முந்திய மழை மாதங்களில் வீட்டில் நெல்லும் இல்லை, கடலுக்குப் போகவும் முடியாது, ஒழுங்கை எல்லாம் வெள்ளம். வெளிநாட்டு விருந்தினர் வருவதோ ஆடி, ஆவணியில்! சங்கடமான கேள்வியைக் கேட்காமல் மரியாதைக்கு விட்டுவிடும் சாய்வு. கடைசியாக, அவரவர் படித்த துறையை மட்டும் பார்க்கும் சாய்வு: மண் நிபுணர் மண்ணைப் பார்ப்பார், கடனைப் பார்க்கமாட்டார்.

ஆச்சியின் பொல்லு தள்ளியது இதில் நாலாவது சாய்வை. ஒரு திருத்தத்தோடு. சேம்பர்ஸ் மழைக்காலத்தைத் தவறவிடாதே என்கிறார், எங்கள் கரையோரத்தில் கிணற்று விடயத்தில் மறுபக்கம்: கோடையைத் தவறவிடாதே.

பங்கேற்பு முறைக்கு விமர்சனம் இல்லையா?

நிறைய. 2001 அளவில் மான்செஸ்டர் பக்கத்து ஆய்வாளர்கள் இதைக் கடுமையாகவே தாக்கினார்கள். ஊர் என்றால் ஒற்றுமையான ஒரு குடும்பம் என்று நினைத்துக் கூட்டம் போட்டால், ஏற்கெனவே குரல் உள்ளவரின் விருப்பம்தான் 'ஊரின் விருப்பம்' என்று பதிவாகும் என்றார்கள்.

சரிதான். மேலே சொன்ன அதே வரைபடத்தில் ஐந்து கிணறும் இருந்தன. யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று ஊருக்குள் இருந்த வழக்கம் வரைபடத்தில் ஏறவேயில்லை. ஏறவேண்டிய ஆட்கள் அன்று முற்றத்துக்கு வரவில்லை, நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கிணறு என்பது வெறும் தண்ணீர் விடயம் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததா? தெரியும். கூட்டம் நல்லபடி முடியவேண்டும் என்ற அவசரம். அதுதான் அந்த 'மரியாதைச் சாய்வு'.

இன்னொன்று, இந்த முறை பிரபலமானதும் நன்கொடையாளர் கேட்கும் ஒரு சடங்காகிவிட்டது. காலையில் வரைபடம், படம் எடுத்தல், மத்தியானம் சோற்றுப் பார்சல், கையொப்பம். சேம்பர்ஸே இந்த அவசரச் சடங்கைக் கண்டித்து எழுதியிருக்கிறார்.

பெண்கள் பற்றி?

1970களிலேயே ஐ.டி.எஸ்.இல் பெண்கள் கீழ்நிலைப்படுத்தப்படுவது பற்றிய ஆய்வு வட்டம் ஒன்று இயங்கியது. வீடு என்பது ஒரே மனமுள்ள ஒரு அலகு என்ற பொருளியல் கற்பனையை அவர்கள் உடைத்தார்கள். பின்னர் நைலா கபீர் போன்றவர்கள் அங்கிருந்து எழுதினார்கள். பெண் தலைமைக் குடும்பங்கள் நிறைந்த வடக்கில் வேலை செய்கிறவர் கபீரை வாசிக்காமல் விடக்கூடாது. இதற்குத் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும்.

சசெக்ஸ் பிரகடனம் என்று ஒன்று இருக்கிறதாமே?

1970இல் வந்தது. சிங்கர் தலைமையில், ஐ.டி.எஸ். ஆட்களும், 1966இல் அதே வளாகத்தில் தொடங்கிய விஞ்ஞானக் கொள்கை ஆய்வுப் பிரிவு ஆட்களும் ஐ.நா.வுக்காக எழுதிய ஆவணம். உலகின் ஆராய்ச்சிப் பணம் பணக்கார நாடுகளின் பிரச்சினைகளிலேயே செலவாகிறது, அதில் 5 சதவீதத்தையாவது வறிய நாடுகளின் பிரச்சினைகளுக்குத் திருப்புங்கள் என்று கேட்டது. ஐ.நா. பக்கத்தில் அதை மிகவும் தீவிரமானது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் பேச்சு அடங்கவில்லை. 2010இல் புதிய பிரகடனம் ஒன்றையும் அதே வளாகத்தில் வெளியிட்டார்கள்.

இதெல்லாம் வருவதற்கு முன் எங்கள் மண்ணில் எதுவும் இல்லையா?

இருந்தது. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய செமினரியில் வானவியலும் கணிதமும் படிப்பித்தார்கள். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 1860களில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உடற்கூற்றியலும் சத்திர வைத்தியமும் தமிழில் புத்தகமாயின. இரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார்கள்!

இவர்களின் முதல் நோக்கம் மதம் பரப்புவது, அதில் ஒளிவுமறைவில்லை. என்றாலும் எனக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு. கிறீன் 'அனற்றமி'யைத் தமிழாக்க அத்தனை வருடம் உட்கார்ந்தார். நாங்களோ 'எம்பவர்மென்ட்', 'ஸ்டேக்ஹோல்டர்' என்று அப்படியே ஊருக்குள் கொண்டுபோகிறோம். மாதர் சங்கத்து அக்கா ஒருவர் என்னிடம் 'ஸ்டேக்ஹோல்டர் எண்டா மாட்டுக்கு முளை அடிக்கிறவரோ?' என்று கேட்டார். நான் சிரித்துவிட்டுப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லத் தமிழ் வார்த்தை உடனே வரவில்லை என்பதுதான் உண்மை.

இப்போதும் சசெக்ஸ்தான் முதலிடமா? அங்கே போய்ப் படிக்க முடியுமா?

உலகத் தரவரிசைகளில் அபிவிருத்திக் கற்கைக்குப் பல வருடங்கள் தொடர்ந்து முதலிடம் அவர்களுக்குத்தான் கிடைத்தது. ஆனால் பிரிட்டனின் உதவிப் பணம் சுருங்குகிறது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்ததை 2021இல் 0.5 ஆக்கினார்கள், 2027இல் 0.3க்கு இறக்கப்போவதாக 2025இல் அறிவித்தார்கள். அந்தப் பணத்தை நம்பியிருக்கும் ஆராய்ச்சிக்கும் அடி விழும்.

படிக்கப் போகலாம். கட்டணம் எங்கள் கைக்கு எட்டாது, அதனால் புலமைப்பரிசில்தான் வழி. பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் புலமைப்பரிசிலுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம், இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்ததும் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் 'சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்' என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் ஊரில் நீங்கள் பார்த்த ஒரு தாங்கி, ஒரு கிணறு, ஒரு பிழை, அதை எழுதுங்கள்.

முதலில் எதை வாசிப்பது?

சியர்ஸின் 1969 கட்டுரை. சின்னது, ஒரு பின்னேரத்தில் முடியும். அடுத்து டோரின் நூலில் இலங்கை பற்றிய பகுதி. அதை வீட்டில் இருந்து வாசிக்காமல், சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு ரியூட்டரிக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் இருந்து வாசித்துப்பாருங்கள். சைக்கிள்கள் வந்து சேரத் தொடங்கும் நேரம் அது.